கேம் கடைப் பலகை

சனிக்கிழமை காலை பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொழுந்துக்காரிகள் மலையோரம் உட்கார்ந்தபோதுதான் மீனம்மா அதைச் சொன்னாள். அதுவரை அவள் வாயை அடக்கிக்கொண்டிருந்ததே பெரிய விஷயம்.

"வடிவு, ஒன் படம் ஹட்டன்ல தொங்குது புள்ள."

வடிவு என்று தோட்டம் முழுக்கக் கூப்பிடும் சண்முகவடிவு ரொட்டியை மென்றபடியே சிரித்தாள். பிறந்ததிலிருந்து இந்த இருபத்தாறு வருடத்தில் அவளை ஒருவரும் படம் பிடித்ததில்லை. அடையாள அட்டைக்குக்கூட இன்னும் படிவம்தான் போயிருந்தது, அதுவும் எந்த மேசையில் தூங்குகிறதோ.

"நெசமாத்தான் சொல்றேன். நேத்து புள்ளைக்கி மருந்தெடுக்க டிக்கோயா போயிட்டு, அப்படியே ஹட்டனுக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல புதுசா ஒரு கட. வீடியோ கேமாம். காசு போட்டா பொட்டிக்குள்ள சண்ட நடக்குதாம். அந்தக் கட போர்டுல நீதான் நிக்கிற."

"நின்னு என்னா செய்றேன்?"

மீனம்மா சுற்றிலும் பார்த்தாள். சுற்றி இருந்த ஆறு தலைகளும் கிட்டே வந்தன.

"ஒன்னத் தூணுல கட்டிப் போட்டிருக்காங்க. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. ரெண்டுஞ் சேத்தா ஒரு தலைப்பாகைக்கிக் காணாது."

ஆறு பேரும் சிரித்தார்கள். வடிவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் மறுபடி கூடையை முதுகில் மாட்டும்போது பட்டி இரண்டு தடவை நழுவிவிட்டது. ஏனென்றால் வருகிற திங்கட்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். தோட்டத்தின் மேல்பிரிவுப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்த ஒற்றை அறைக் கட்டடத்தில், முப்பது வருடமாக இருந்த ஆயா ஓய்வு பெறுகிறாள். புது ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆபீசில் இருந்து உத்தரவு. எட்டாம் வகுப்புவரை படித்த பெண் மேல்பிரிவில் வடிவு ஒருத்திதான். தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன் திங்கட்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவள் பெயரைத் தோட்டத்தை மேற்பார்வை செய்யும் கண்டக்டரிடம் கொடுப்பதாக இருந்தது. அட்டைக்கடி இல்லை, மழை இல்லை, இருபது றாத்தல் கொழுந்து சேரவில்லை என்று அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை இல்லை. ஓட்டுக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில், குழந்தைகளோடு ஒரு வேலை. பதிமூன்று வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவளுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மாதமாக அவள் அந்த நினைப்பிலேயே தூங்கி அந்த நினைப்பிலேயே எழுந்துகொண்டிருந்தாள்.

சாயந்திரம் வேலை முடிந்து அவள் குடியிருக்கும் லயத்து வரிசைக்கு வந்தபோது, அண்ணன் அழகன் வாசலிலேயே நின்றான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்தில் அவன் முதல் ஆள். சனிக்கிழமை அரை நாளோடு வேலை முடித்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். அவன் ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஓங்கி ஓர் அறை விட்டான். கூடை ஒரு பக்கம் போனது, வடிவு ஒரு பக்கம் போனாள்.

"யாருகிட்டப் போயி நின்ன? சொல்லு! எவன் முன்னாடி அப்படி நின்ன?"

"எங்கேயும் நிக்கல அண்ணே. நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல."

"ஊரே பாத்திருச்சி. நீ பாக்கலயா?"

அம்மா பேச்சியம்மா நடுவில் வந்து விழுந்து அழுதாள். அழுதபோதும் அவளும் மகளைத்தான் கேட்டாள்: "என்னாடி செஞ்சு தொலச்ச?" அழகனின் பெண்டாட்டி நாகலெட்சுமி ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். வாய் திறந்தால் அடுத்த அறை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

அழகன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவைத்துத் தீட்டத் தொடங்கினான். படம் வரைந்தவனைக் கண்டுபிடித்து வெட்டப்போவதாகச் சொன்னான். சர்ரு சர்ரென்ற அந்தச் சத்தம் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதானே தீட்டினான்.

விளக்கேற்றுகிற நேரத்துக்குத் தலைவர் ஆண்டியப்பன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் நியாயமும் இருக்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"வடிவு, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா புள்ளக்காரிங்க நாலஞ்சு பேரு வந்துட்டாங்க. அப்படி நின்ன பொம்பள கையில எப்படிப் புள்ளயக் குடுக்குறதுன்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்ல?"

"அது நான் இல்லன்னு சொல்லுங்க தலைவரே."

"மூஞ்சி ஒன் மூஞ்சி. நானே பாத்துட்டுத்தான் வாறேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திங்கக் கெழம பெரட்டுக்குள்ள இது என்னான்னு தெரிஞ்சாச் சரி. இல்லாட்டி அம்மாக்கண்ணு பேரக் குடுத்துருவேன். எழுதப் படிக்கத் தெரியாது, அத ஆபீசுல பேசிக்கலாம். ஆனாப் பேரு கெடல."

வடிவு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கன்னம் எரிந்தது. அதைவிட அம்மா கேட்ட கேள்வி எரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீனம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணி பஸ்ஸில் வடிவு ஹட்டனுக்குப் போனாள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தாள். தன் முகத்தைத் தானே பார்க்கப் போகிறவள் முகத்தை மறைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பலகை பெரியது. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். இடது பக்கம் வாளோடு ஒரு வீரன். உடம்பெல்லாம் முறுக்கிய கயிறு மாதிரி சதை. காலடியில் அரக்கர்களின் வெட்டுப்பட்ட தலைகள், கழுத்திலிருந்து ரத்தம் நல்ல சிவப்பு எனாமலில் வழிகிறது. ஏழு தலை இருந்தது. வலது பக்கம் தூண். தூணில் சங்கிலி. சங்கிலியில் அவள்.

மீனம்மா சொன்னது பொய் இல்லை. இரண்டு துண்டும் இருந்தன, அவை மறைத்ததைவிடக் காட்டியது அதிகம். முகம் வடிவின் முகமேதான். அதே அகன்ற நெற்றி, அதே சப்பை மூக்கு, அதே தடித்த கீழுதடு. கீழே தெருவில் நின்று இரண்டு லொறிக்காரர்கள் அண்ணாந்து பார்த்துச் சிங்களத்தில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். வடிவுக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். போகிற வருகிறவர்களில் ஒருவர்கூட அந்த ஏழு தலைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தி, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மலைநாட்டில் நிஜக் கத்தியும் நிஜத் தீயும் வந்தபோது, காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள்தான் இவர்களில் பலர். ரத்தம் சிந்துகிற பலகைக்குக் கீழே நின்று வெற்றிலை போடுகிறார்கள். உறுத்துவதெல்லாம் தூணில் நிற்பவள் மட்டும்தான்.

"உள்ள போயிப் பாக்கலாம்" என்றாள் வடிவு.

"பைத்தியமா ஒனக்கு? எல்லாம் ஆம்பளைங்க."

"இதுக்கு மேல எனக்கு என்னா ஆவப்போவுது?"

உள்ளே இரண்டு பெட்டிகள், ஆளுயரம். ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், கடைச் சிப்பந்திகளும் பஸ் கண்டக்டர்களுமாக. பீடிப் புகை. பெட்டிக்குள்ளிருந்து பிளிறலும் இரும்புச் சத்தமும் மாறி மாறி வந்தன. வடிவு ஓர் ஆளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியில் கொசு அளவு வீரன் ஒருவன் ஓடினான், வெட்டினான், ஓடினான். வெட்டும்போதெல்லாம் சிவப்புப் புள்ளி தெறித்தது. ஒவ்வொரு மாடியாக ஏறிக் கடைசி மாடிக்குப் போனால் தூணில் கட்டிய ராஜகுமாரி கிடைப்பாள், அவள் இவனைக் கட்டிப்பிடிப்பாள், அதோடு ஆட்டம் முடியும். காசு போட்டு விளையாடிய ஒரு சால்வைக்காரர் எப்படியோ கடைசி மாடிவரை போய்விட்டார். கூட்டம் நெருங்கியது. வடிவும் கண்ணை அகட்டினாள்.

ராஜகுமாரி பெருவிரல் நகம் அளவு இருந்தாள். நாலு சிவப்புச் சதுரம், இரண்டு மஞ்சள் சதுரம். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை.

"இதுக்கா?" என்றாள் மீனம்மா சத்தமாகவே.

மூஞ்சி இல்லாத ஒருத்திக்கு மூஞ்சி வேண்டும் என்று யாரோ தேடிப்போயிருக்கிறார்கள். யார் தேடினார்கள், எங்கே எடுத்தார்கள் என்று வடிவின் மனம் அப்போதுதான் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தது. வெளியே வந்து மறுபடியும் பலகையைப் பார்த்தாள். இந்தத் தடவை கூச்சத்தை விட்டுவிட்டு, இலையில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஓரத்திலிருந்து ஓரமாகப் பார்த்தாள். இடது புருவத்தில் கண் நின்றது.

புருவம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த இடத்தில் மயிர் இல்லை, மெல்லிய ஒரு கோடு.

வடிவுக்குப் புருவம் முழுசாக இருந்தது. பிளந்த புருவம் அழகனுக்கு. பதினாறு வயதில் கவ்வாத்துக் கத்தி எகிறிப் பட்ட தழும்பு. பலகையைப் பார்த்த நூறு ஆண்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் படத்தில் புருவத்தைப் பார்க்க யார் போனார்கள்?

அழகன் சேலை கட்டினால் வடிவு, வடிவு சட்டை போட்டால் அழகன் என்று சின்ன வயதில் லயத்தில் கேலி செய்வார்கள். சேலை கட்டுவதும் உண்மைதான். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது, நாலு வருடமாக ரதி வேஷம் அழகனுக்குத்தான். காப்புக் கட்டி, விரதமிருந்து, முகத்தில் அரிதாரம் பூசி, முடி வைத்து அவன் ரதியாக வந்து நின்றால், பெண்கள் குழந்தைகளை அவன் காலில் போட்டு எடுப்பார்கள். ரதியும் மன்மதனும் கொஞ்சுவார்கள், சிவன் கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார், ரதி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள், தோட்டமே சேர்ந்து அழும். அதிலும் கொஞ்சலும் கொலையும்தான். அதை யாரும் கெட்டது என்று சொன்னதில்லை. அப்போது அழகனை யாரும் அழகனாகவும் பார்ப்பதில்லை. அது ரதி.

பலகையின் மூலையில் பொடி எழுத்தில் 'சூசை' என்று இருந்தது. கடை கடையாகக் கேட்டு, கோயிலுக்குப் போகிற சந்தில் இருந்த பெயின்டர் சூசைரட்ணத்தின் பட்டறையைக் கண்டுபிடித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர், முக்காட்டை விலக்கிய வடிவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சேசுவே!" என்றார். "தங்கச்சி, நீங்க யாரு?"

"நான் யாருன்னு நீங்கதான் சொல்லணும். ஹட்டன் முழுக்கக் காட்டிட்டீங்களே."

அவர் பட்டறை மூலையிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். போன மாசியில் கூத்துக்குத் திரை எழுதியது அவர்தான். திரையில் ரதி எழுதுவதற்காகக் கூத்துக்காரர்கள் ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்த படம் டப்பாவில் இருந்தது. முடியும் மாலையுமாக அழகன் உட்கார்ந்திருந்தான். படத்தின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டிருந்தது. சின்னப் படத்தைப் பெரிய பலகைக்கு மாற்ற, கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

"கேம் கட மொதலாளி ஒரு பொம்பள மூஞ்சி வேணும்னு சொன்னாரு. நல்லா இருக்கணும், நம்ம ஊரு மூஞ்சியா இருக்கணும்னாரு. நான் யோசிச்சேன் தங்கச்சி. நான் மாதா சுரூபத்துக்கு வர்ணம் தீட்டுற கை. எந்தப் பொம்பள மூஞ்சிய அந்த ஒடம்புல வச்சாலும் அவளுக்குப் பழி, எனக்குப் பாவம். அதான் ஆம்பள மூஞ்சியா எடுத்தேன். ஆம்பளைக்கி என்னா கெட்டுப்போவப்போவுதுன்னு நெனச்சேன். அவருக்கு இப்படி அச்சுல வாத்தாப்ல ஒரு தங்கச்சி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மீனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை. வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம் செய்யக்கூடாது என்று அவ்வளவு யோசித்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"இப்பவே ஏணியத் தூக்கிட்டுப் போறேன்" என்றார் சூசைரட்ணம். "ஒரு மணி நேரத்துல மூஞ்சிய மாத்திடுறேன்."

"வேணாம்ண்ணே. நாளைக்கி மத்தியானம்வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"ஏன் தங்கச்சி?"

"நீங்க அழிச்சிட்டா அது கடைசிவரைக்கும் நான்தான். யாரு போயிப் புருவத்தப் பாக்குறது? இந்தப் போட்டோவக் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அதை அவள் அழகன் முன்னால் வைத்தாள். "புருவத்தப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அழகன் பார்த்தான். பென்சில் கட்டங்களைப் பார்த்தான். அவன் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அவன் மன்னிப்புக் கேட்பான் என்று வடிவு உண்மையிலேயே நினைத்தாள். முட்டாள்தனம்தான், ஆனாலும் நினைத்தாள்.

"இத யாருக்குக் காட்டின?"

"மீனம்மாவுக்குத் தெரியும்."

"அவ வாயக் கட்டு. நாளைக்கி நான் போயி அந்தப் பெயின்டரப் பாத்துப் படத்த அழிக்கச் சொல்லிடுறேன். அதோட முடிஞ்சது."

"நாளைக்கிக் காலையில பெரட்டுல பேரு குடுக்குறாங்க."

"ஆயா வேல என்னா பெரிய வேல? கொழுந்தெடுக்குறதுல என்னா கொறஞ்சிட்ட? இது தெரிஞ்சா நான் எப்படி மலையில தலகாட்டுறது? ரதின்னு கும்புட்ட சனம் நாளைக்கி என்னா சொல்லும்? விசிலடிப்பானுங்க வடிவு."

பேச்சியம்மாவும் அவன் பக்கமே பேசினாள். "ஆம்பளப் புள்ள, நாலு பேரோட பொழங்குறவன். நீ கொஞ்சம் பொறுத்துக்கம்மா. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துரும்."

நேற்றுவரை அந்தப் படம் குடும்ப மானம். வெட்ட வேண்டிய அளவு மானம். அது அவன் முகம் என்று தெரிந்ததும் மானத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது: அவள் முகமாகவே இருந்துவிட வேண்டும். கத்தி தீட்டிய கை இப்போது அவள் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். போட்டோவை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் தூறல். தலையில் மழைக்குக் கொங்காணிச் சாக்கோடு பெண்கள் ஒரு பக்கம், கத்தியும் மண் கிளறும் முள்ளுமாக ஆண்கள் ஒரு பக்கம். கண்டக்டர் துண்டுப் புத்தகத்தைத் திறந்து வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தார். வேலை பிரித்து முடித்ததும் தலைவர் ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, புள்ளக் காம்பரா வேலைக்கி எங்க மேல்பிரிவு சார்பா அம்மாக்கண்ணுவோட பேர..."

"கொஞ்சம் இருங்க தலைவரே" என்று வடிவு முன்னால் வந்தாள்.

அழகன் ஆண்கள் வரிசையிலிருந்து அவளைப் பார்த்தான். தலையை இல்லை என்று ஆட்டினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் போட்டோவை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"போர்டுல இருக்குற மூஞ்சி இதுலேர்ந்து எழுதினது. பென்சில் கோடு இருக்கு பாருங்க. பெயின்டர் சூசைரட்ணம் அண்ணன் கையால போட்டது. எடது புருவத்தையும் பாருங்க. என் புருவத்தையும் பாருங்க."

ஆண்டியப்பன் பார்த்தார். கண்டக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "அடேய், இது நம்ம அழகன்டா!" என்று கத்தினான்.

களமே வெடித்துச் சிரித்தது. கங்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சனிக்கிழமை தலைவரிடம் போய் மூக்கைச் சிந்திய அதே பிள்ளைக்காரிகள் கொங்காணியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். யாரோ நீளமாக விசிலடித்தான். "நான் அந்தப் போர்ட ரெண்டு வாட்டி போயிப் பாத்தேன்டா" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொள்ள, இன்னும் பெரிய சிரிப்பு. படம் கெட்ட படம் என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லாமல் போய்விட்டது. அழகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது.

"அப்பறம் என்னா?" என்றார் ஆண்டியப்பன், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "ஐயா, அம்மாக்கண்ணு பேர விட்டுருங்க. வடிவு பேரையே போட்டுக்குங்க. ஒரு பழியும் இல்ல."

நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். வடிவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. இரண்டு நாள் அவள் தின்னாமல் தூங்காமல் கிடந்தது எதற்காகவோ, அது இப்போது இவர்களுக்கு ஒரு வேடிக்கை.

"தலைவரே, ஒண்ணு கேக்குறேன். அது நானாவே இருந்திருந்தா?"

"அதான் நீ இல்லயே."

"இருந்திருந்தா எனக்குப் புள்ளைங்களுக்குப் பால் காச்சத் தெரியாமப் போயிருக்குமா? தொட்டில் ஆட்டத் தெரியாமப் போயிருக்குமா?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆண்டியப்பன் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் புத்தகத்தைப் பார்த்தார். தூறல் வலுக்கவே, எல்லாரும் மலைக்குப் போக வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று மத்தியானம் சூசைரட்ணம் ஏணி போட்டு ஏறி, தூணில் இருந்தவளின் முகத்தைக் கூந்தலால் மூடிவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஏழு தலையும் இருந்தது. கடையில் கூட்டமும் குறையவில்லை.

புதன்கிழமை வடிவு பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு தொட்டில். முதல் நாளே பத்துப் பிள்ளைகள் வந்துவிட்டன. அப்படி நின்றவள் கையில் பிள்ளையைக் கொடுப்பதா என்று கேட்ட தாய்மார்தான் முதலில் வந்தார்கள். வடிவு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் என்ன செய்யும்? பால் காய்ச்சினாள், துணி அலசினாள், ஒவ்வொரு பெயராகப் புத்தகத்தில் எழுதினாள்.

பதினோராவது தொட்டில் அழகனின் மகளுக்கு. அது காலியாகக் கிடந்தது. அழகன் வடிவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். மலையில் அவனை இப்போது ரதி என்றுதான் கூப்பிட்டார்கள், கும்பிட்டு அல்ல, கண்ணடித்து. சட்டியில் சோறு இருந்தாலும் அவள் போட்டால் அவன் சாப்பிடவில்லை. பிள்ளையைத் தங்கச்சியிடம் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நாகலெட்சுமி மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள், பிள்ளை நனைந்து இருமிக்கொண்டு வந்தது. வடிவு சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு இருமலைக் கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது, அண்ணன் போய்விட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. ஆனாலும் போட்டோவைக் காட்டாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கொட்டுகிற மழையில், பிள்ளைக் காம்பரா வாசலில் அழகன் வந்து நின்றான். மகளைத் தன் கோட்டுக்குள் வைத்திருந்தான். உள்ளே வரவில்லை.

"புள்ளைக்கி நேத்து ராவெல்லாம் இருமல்" என்றான் நிலைப்படியைப் பார்த்து.

வடிவு பிள்ளையை வாங்கி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அடுப்போரத்துத் தொட்டிலில் போட்டாள். அவன் இன்னும் போகவில்லை. உள்ளே பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை என்பதை ஒரு தடவை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். குரலை இறக்கினான்.

"வடிவு, அன்னிக்கி நான் ஒன்ன அடிச்சது..."

அவன் அதற்கு மேல் சொல்வதற்குள் அவள் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"லயத்து முன்னாடி வச்சு அடிச்சீங்க அண்ணே. பன்னெண்டு காம்பராவும் பாத்துச்சி. சொல்றதுன்னா அங்க வந்து சொல்லுங்க. இங்க புள்ளைங்க தூங்குது."

அழகன் மகளின் தொட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

அன்று சாயந்திரம் அவன் சொல்லவில்லை. அந்த வாரமும் சொல்லவில்லை. பிள்ளையை மட்டும் தினமும் ஏழு மணிக்குக் கொண்டுவந்து நீட்டினான். வடிவும் தினமும் வாங்கிக்கொண்டாள்.